சினைப்பை நீர்க்கட்டியும் தாய்மாரின் இருதயமும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் நடைபெற்ற மகளிர் உடல்நலக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொழுது புலருமுன் நிரைக்குச் சென்று, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலைகளையும் ஒருவாறு முடித்துக்கொண்டு இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். உங்கள் நேரத்தின் அருமையை நாம் அறிவோம். ஆகவே, சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகின்றோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பெண்களின் மாதவிலக்கைப் பற்றியும், அவர்களுடைய இருதயத்தைப் பற்றியும் ஆகும். இவ்விரண்டிற்கும் என்ன உறவு என்று நீங்கள் வியப்படையலாம். ஆடவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது முதற்பொருளைப் பேசலாமா என்று சிலர் கூசவும் கூடும். பேசத்தான் வேண்டும். கூச்சத்தினால் மூடி வைத்த செய்தி ஒன்று, இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் மாரடைப்பாக வெளிப்பட்ட வரலாற்றை நாம் நேரிலேயே கேட்டிருக்கின்றோம்.

அந்த வரலாற்றை முதலில் கூறிவிடுகின்றோம். அச்சகோதரியின் பெயர் இங்கு வேண்டாம். இதே கிள்ளான் பக்கத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகளாக லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பதின்மூன்று வயதில் பூப்பெய்தினார். அதன்பின் விலக்கு ஒழுங்காக வரவில்லை. இரண்டு மாதத்திற்கு ஒரு முறை, சில வேளைகளில் நான்கு மாதத்திற்கு ஒரு முறை. "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பாட்டி கூறிவிட்டார். மோவாயில் உரோமம் முளைத்தது; யாருக்கும் தெரியாமல் நூல் கொண்டு எடுத்துவந்தார். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தது. அழுக்கென்று எண்ணித் தாயார் தேங்காய் நார் கொண்டு தேய்த்துவிட்டார். தோல் புண்ணானதே தவிரக் கறுப்புப் போகவில்லை.

பள்ளிப்படிப்பை முடித்ததும் அவருக்குப் பிரிக்பீல்ட்ஸில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. இருபத்தாறு வயதில் திருமணம். நான்கு ஆண்டுகள் பிள்ளை இல்லை. அப்பொழுதுதான் மருத்துவமனைக்குச் சென்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ளன என்று கூறினார்கள். மருந்து கொடுத்தார்கள். முப்பத்தோராம் வயதில் ஆண் குழந்தை பிறந்தது. கருவுற்றிருந்த காலத்தில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. குழந்தை பிறந்தவுடன் அது இறங்கிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. நீர்க்கட்டி நோய் என்பது பிள்ளையில்லாக் குறை, பிள்ளை பிறந்துவிட்டது, ஆகவே நோயும் தீர்ந்தது என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். பின்னர்ப் பதின்மூன்று ஆண்டுகள் அவர் தம் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேயில்லை.

நாற்பத்து நான்காம் வயதில் ஒரு நாள் மாலை, அடுக்கு மாடி வீட்டின் படியேறும்போது மூச்சு வாங்கியது. தாடையில் ஒரு வலி, முதுகில் ஒரு பாரம், குமட்டல். நெஞ்சில் வலி என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் காய்ச்சிக் குடித்தார். மறுநாளும் குடித்தார். மூன்றாம் நாள் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோதுதான் அது மாரடைப்பு என்று தெரிந்தது. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகளாகவே அவருடைய உடலில் குடிகொண்டிருந்தன என்பதும் அன்றுதான் தெரிந்தது. தெய்வாதீனமாக அவர் உயிர் பிழைத்தார். "கழுத்து கறுத்தபோதே யாராவது சொல்லியிருக்கலாம்" என்று அவர் நம்மிடம் கூறிய ஒரு சொல்தான் இவ்வுரைக்குக் காரணமாயிற்று.

இந்நோயை ஆங்கில எழுத்துகளைக் கொண்டு பி.சி.ஓ.எஸ். என்று மருத்துவர்கள் அழைப்பார்கள். 1935ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டெயின், லெவந்தால் என்னும் இருவர், விலக்குத் தவறிய ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையால் இது மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது. சினைப்பை பெரிதாகி, அதனுள் சிறுசிறு நீர்ப்பைகள் இருந்தமையால் அப்பெயர் வழங்கலாயிற்று. அந்தப் பெயர்தான் பின்னாளில் பெருங்குழப்பத்திற்கு வித்திட்டது என்பது நமது கருத்து. அவை உண்மையில் கட்டிகளே அல்ல. மாதந்தோறும் முதிர்ந்து வெளிவர வேண்டிய சினைகள், முதிராமல் பாதி வழியில் நின்றுவிட்ட இடங்களே அவை. அறுத்து எடுக்கவேண்டிய கட்டி என்று அஞ்சுவோரும் உளர். கருப்பையில் வளரும் தசைக் கட்டியோடு இதனைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வோரும் உளர். இரண்டும் வெவ்வேறு. இப்பெயரையே மாற்றவேண்டும் என்று 2012ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது.

நோயின் வேர் எங்கே இருக்கிறது? பெரும்பாலான பெண்களிடத்தில் அது இன்சுலினிடத்தில் இருக்கிறது. நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பிவைக்கும் வேலை, கணையத்தில் ஊறும் இன்சுலினுக்கு உரியது. இதனை உங்களுக்குத் தெரிந்த ஒரு காட்சியால் விளக்கலாம். பிரட்டுக் களத்தில் தண்டல் ஒருவர் ஆட்களை அழைக்கின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்பவர்களுக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர் குரலை உயர்த்துகின்றார். அவர்கள் அசையவில்லை. இன்னும் உரக்கக் கத்துகின்றார். இப்பொழுது அவர்கள் ஒருவாறு நகர்கின்றனர். ஆனால் பக்கத்தில் செவ்வனே காது கேட்கும் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள் அக்கூச்சலால் பதறி அழத் தொடங்குகின்றனர். இந்நோயில் நடப்பதும் இதுவே. தசைகளுக்கு இன்சுலினின் சொல் கேட்பதில்லை. ஆதலால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. சினைப்பைக்கோ காது நன்றாகவே கேட்கும். அளவுக்கு மீறிய இன்சுலினால் அது பதறி, ஆண்மைச் சுரப்புநீரை மிகுதியாக உண்டாக்குகின்றது. அதனால் சினை முதிர்வது தடைப்படுகின்றது, விலக்குத் தவறுகின்றது, முகத்தில் உரோமமும் பருக்களும் தோன்றுகின்றன. கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட்டுத் துணிபோல் கறுப்பதும் இன்சுலின் மிகுதியினால்தான். தாய்மார்களே, அது அழுக்கு அன்று. உங்கள் மகளைத் தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஆண்மைச் சுரப்புநீருக்கும் இன்சுலினுக்கும் உள்ள இத்தொடர்பு 1980ஆம் ஆண்டளவில்தான் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. அதற்கு முன் நாற்பத்தைந்து ஆண்டுகள் இது முழுக்க முழுக்கச் சினைப்பையைச் சார்ந்த குறையென்றே கருதப்பட்டு வந்தது. மருத்துவ உலகம் அக்கருத்தை விட்டுவிட்டது. நம் வீடுகள்தாம் இன்னும் விடவில்லை.

இனி இருதயத்திற்கு வருவோம். இன்சுலின் மிகுந்து, சர்க்கரை மெல்ல ஏறி, இரத்தக் கொதிப்பு உயர்ந்து, கெட்ட கொழுப்புக் கூடி நல்ல கொழுப்புக் குறையும்போது, இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடத் தொடங்குகின்றது. பீலியில் பால் உறைந்து ஒட்டிக்கொண்டால் மங்குக்குப் பால் எப்படிச் சரிவர வந்து சேராதோ, அப்படியே குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்தால் இருதயத் தசைக்கு இரத்தம் வந்து சேராது. ஒரு வேறுபாடு: பீலியைத் துடைத்துவிடலாம், குழாயை அவ்வாறு துடைக்க இயலாது. இப்படிவு ஒரே நாளில் உண்டாவதன்று. இருபது வயதில் தொடங்கி நாற்பதிலோ ஐம்பதிலோ வெளிப்படும்.

பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள், இந்நோயுள்ள பெண்களிடையே இருதய நோயும் இரத்தக்குழாய் நோயும் மற்றப் பெண்களைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் காணப்படுகின்றன என்று கூறியுள்ளனர். 2023ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வெளியிடப்பட்ட அனைத்துலக மருத்துவ வழிகாட்டி, இந்நோயுள்ள பெண்களை இருதய நோய் அபாயம் மிகுந்தவர்களாகவே கருதவேண்டும் என்று அறிவுறுத்துகின்றது. இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டா. இளம் பெண்களுக்கு மாரடைப்பு வருவது இயல்பிலேயே மிகவும் குறைவு. குறைவான ஒன்று ஒன்றரை மடங்கானாலும் அது குறைவுதான். நீர்க்கட்டி உள்ள பெண்களில் மிகப் பலர் நெடுநாள் நலமாகவே வாழ்கின்றனர். நாம் சொல்வது, அவர்கள் தம்மைக் கவனியாமல் இருந்துவிடலாகாது என்பதே.

நம்மவர்க்கு இதில் கூடுதல் கவலைக்கு இடம் உண்டு. 52 நாடுகளில் மாரடைப்பைப் பற்றி நடத்தப்பட்ட இண்டர்ஹார்ட் என்னும் பேராய்வில், இந்தியத் துணைக்கண்டத்து மக்களுக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதில் வருகின்றது என்றும், மற்றவர்களுக்கு 59 வயதளவில் வருகின்றது என்றும் தெரியவந்தது. ஆறு ஆண்டுகள் முந்துகின்றது. நம் நாட்டிலே 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது பத்துக்கு மூவர் என்னும் அளவில், எல்லா இனத்தவரினும் மிகுதியாயிருந்தது. 2020ஆம் ஆண்டில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் நூற்றுக்குப் பதினேழு, இருதயக் குழாய் நோயால் நேர்ந்தவை.

மாரடைப்பு என்றால் ஆடவர் நோய் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். 1989ஆம் ஆண்டில் அந்நாளையப் பிரதமர் டாக்டர் மகாதீர் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் இருதய அறுவை சிகிச்சை பெற்றதும், 1992இல் தேசிய இருதயக் கழகம் தொடங்கப்பட்டதும் முதியவர்களுக்கு நினைவிருக்கும். அந்நாளிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஓர் ஆடவரின் உருவமே நம் மனத்தில் நிற்கின்றது. பெண்களுக்கும் நெஞ்சுவலி வருவதுண்டு. ஆயினும் பலருக்கு மூச்சிரைப்பு, தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத சோர்வு, குளிர்ந்த வியர்வை என்று வேறு உருவில் வருகின்றது. அவற்றை வாயு என்று தள்ளிவிட்டு ஓமத் தண்ணீரை நாடாதீர்கள். 999 என்னும் எண்ணை அழையுங்கள்.

இந்நோய் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்பீர்கள். உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர். அவர்களில் பத்துக்கு எழுவர் வரை தமக்கு இந்நோய் இருப்பதையே அறியார் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதே சிலாங்கூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் பெண்களிடம் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்விலும் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஒருவரிடம் இது காணப்பட்டது. இம்மண்டபத்தில் நாற்பது பெண்கள் இருக்கின்றீர்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"எங்கள் பாட்டிமாருக்கு இதெல்லாம் இருந்ததா?" என்று ஓர் அம்மையார் சற்று முன் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. இருந்திருக்கக் கூடும், ஆனால் அவர்களுடைய வாழ்வு அதனை அடக்கி வைத்திருந்தது. ஒரு நிரையில் ஐந்நூறு மரம் என்றால், வெட்டுவதற்கு ஒரு முறை, பால் எடுப்பதற்கு ஒரு முறை என்று ஒவ்வொரு மரத்தையும் இருமுறை நாடிச் செல்லவேண்டும். மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கித் தோளில் பாலைச் சுமந்தவர்களுக்கு, வேலை செய்யும் தசை இன்சுலினின் சொல்லைக் கேட்கத் தவறவில்லை. உழைக்கும் தசைக்கு அந்தக் காது திறக்கும் என்பது மருத்துவ உண்மை. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. பேத்திமார் நாற்காலிக்கும் பேருந்துக்கும் மாறினர். சோறு மட்டும் பாட்டியின் அளவிலேயே நின்றது; அதன்மேல் டின் பால் ஊற்றிய தேநீர் நாளுக்கு நான்கு குவளை சேர்ந்தது. பழைய வாழ்வு இனியது என்று நாம் கூறவில்லை. அதன் துன்பத்தை உங்களுக்கு எடுத்துக் கூற நாம் யார்? நகரத்திற்குச் சென்ற உங்கள் பெண்மக்களின் உடம்பில் என்ன நேர்ந்தது என்பதை விளக்கவே இதனைச் சொன்னோம்.

மெலிந்த பெண்களுக்கு இந்நோய் வராது என்று நம்பிவிடாதீர்கள். நம் இனத்தவர்க்கு எடை குறைவாக இருந்தும் வயிற்றில் கொழுப்புத் தங்கும். எடைக்கல்லைவிட அளவு நாடா இதில் நம்பத்தக்கது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும்.

செய்யவேண்டியவை அரியவை அல்ல. விலக்கு ஒழுங்கின்றி வரும் பெண், திருமணம் ஆனவராயினும் ஆகாதவராயினும், அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று அதனைச் சொல்லவேண்டும். குடிமக்களுக்கு அங்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மூன்று மாதத்திற்கு மேல் விலக்கே வராமல் இருப்பது கருப்பையின் உட்சுவருக்கும் நல்லதன்று. இந்நோய் உண்டு என்று உறுதியானால், ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தக் கொதிப்பைப் பார்க்கவேண்டும்; கொழுப்புச் சோதனை ஒரு முறை அவசியம்; சர்க்கரைச் சோதனையை ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் மீண்டும் செய்யவேண்டும். வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனை சிலரிடம் நோயைக் காட்டாமல் ஏமாற்றிவிடும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையே சிறந்தது. இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சலித்து எழுந்து வந்துவிடுவோர் பலர். ஒரு பின்னல் வேலையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கருவுற்ற காலத்தில் சர்க்கரை ஏறியவர்கள், பிள்ளை பிறந்த ஆறு வாரத்தில் மறுசோதனை செய்துகொண்டு, அதன்பின் ஆண்டுதோறும் பார்த்துவரவேண்டும். அச்சகோதரி விட்டுவிட்ட இடம் இதுதான்.

மாத்திரையைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இந்நோய்க்கு மெட்போர்மின் என்னும் மாத்திரையைச் சிலருக்குக் கொடுப்பார்கள். அது இனிப்பு நீர்க்காரர்களுக்கும் கொடுக்கப்படுவது. மருமகளின் பையில் அதனைக் கண்டு, "இந்த வயதில் இனிப்பு நீரா? மறைத்துவிட்டார்களே!" என்று சம்பந்தி வீட்டாரிடம் சண்டைக்குப் போன மாமியார்கள் உண்டு. சண்டைக்கு அஞ்சி மாத்திரையைக் குப்பையில் போட்ட மருமகள்களும் உண்டு. மாமியார்களே, அது இன்சுலினின் சொல்லைத் தசை கேட்கும்படி செய்யும் மருந்து, அவ்வளவே. விலக்கை ஒழுங்குபடுத்தக் கருத்தடை மாத்திரையும் கொடுக்கப்படலாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் புகைப்பவர்களும் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடவேண்டும். வெந்தயத்தைக் குழம்பில் சேர்ப்பதற்கு நாம் தடை சொல்லவில்லை. ஆனால் பதிவெண் இல்லாத பொட்டலத்து மருந்துகளை, யார் சொன்னாலும், வாங்காதீர்கள்.

உணவில், தட்டின் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்றவை என்று சுகாதார அமைச்சு எடுத்துக் கூறிவருகின்றது. நம் தட்டில் இதனைத் தலைகீழாகவே கண்டிருக்கின்றோம். எடை மிகுந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே விலக்குச் சீர்படத் தொடங்குவதுண்டு. எண்பது கிலோ எடையுள்ளவருக்கு அது நான்கு கிலோதான். நிரையில் நடக்கும் உங்களுக்குத் தனியே உடற்பயிற்சி தேவைப்படாமல் இருக்கலாம். நகரத்திலிருக்கும் உங்கள் மகளுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது வேக நடை வேண்டும். கணவன்மார்களே, அந்நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்பதை இன்றே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். தாய்க்கோ தமக்கைக்கோ இந்நோய் இருந்தால், குடும்பத்திலுள்ள ஆடவர்க்கும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே இதனைப் பெண்கள் சமாசாரம் என்று நீங்கள் ஒதுங்கிவிட முடியாது.

அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தினர்க்காக 2019ஆம் ஆண்டில் பெக்கா பி40 என்னும் இலவசச் சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் யாருக்கு இடமுண்டு என்பதைச் சுகாதார நிலையத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

நாம் கூற வந்தவை இவ்வளவே. அதோ அந்த மேசையில் இரத்தக் கொதிப்புப் பார்க்கும் கருவியும் அளவு நாடாவும் வைக்கப்பட்டுள்ளன. இரு தாதியர் வந்திருக்கின்றனர். திரைக்குப் பின்னால் அளவெடுப்பார்கள். உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதி உங்கள் கையிலேயே கொடுப்பார்கள். கைக்குழந்தையோடு வந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். மற்றவர்கள் வரிசையாக வரலாம்.